வக்கீல் எந்த மாடிக்கு வரும்?

அத்தியாயம் ஒன்பது

மலை வடக்கே இருந்தது. அப்பா மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவள் இதை நேற்று மாலையே கவனித்திருந்தாள். இன்று காலையிலும் கவனித்தாள். புறாக்களுக்குத் தண்ணீர் மாற்றும்போதும், கூட்டின் தரையைச் சுரண்டும்போதும் அவர் தலை அடிக்கடி அந்தப் பக்கமே திரும்பியது. கேட்க வேண்டும் என்று நினைத்தாள். வாய் வரவில்லை. அவளுக்கு எப்போதுமே கேள்வி ஒரு நாள் கழித்துத்தான் வரும்.

மூத்தவள் மலையில் சுரங்கப்பாதை வெட்டும் முகாமுக்கு நர்ஸ் வேலைக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. நாலு நாளுக்கு முன் மலையில் கொட்டிய மழையில் பாதை சரிந்தது. போன் டவரும் விழுந்தது. அன்றிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

அவள் கிளம்பிய அன்று அப்பா ஒரு பிரம்புக் கூடையை அவள் கையில் கொடுத்தார். உள்ளே இரண்டு புறாக்கள். ஒன்று வக்கீல். உடம்பு முழுக்கக் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும், எதிரே எது வந்தாலும் வாதாடும். மற்றொன்று பொடி. பெயருக்கேற்ற அளவுதான்.

"அங்க போன் எடுக்குமோ எடுக்காதோ. இதுங்களுக்குச் சார்ஜ் தீராது" என்றார் அப்பா. மூத்தவள் சிரித்தபடி வாங்கிக்கொண்டாள்.

அவள் போன மூன்றாம் நாள்தான் அந்தச் சண்டை வந்தது. அப்போது சித்தப்பா குடும்பமும் இவர்களும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சித்திக்கு ஆறு மாதமாக விடாத இருமல். புறாவின் இறகுத் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சித்தப்பா கூட்டை மாற்றச் சொன்னார். சொன்னது தப்பில்லை. தெருவில் நாலு பேர் முன்னால் வைத்துச் சொன்னதுதான் தப்பு. அப்பா அன்று சாயங்காலமே பலகை பலகையாகக் கூட்டைப் பிரித்தார். ராத்திரிக்குள் நாலு தெரு தள்ளி ஒரு வாடகை மாடி பிடித்தார். குடும்பத்தோடு கிளம்பும்போது வாசலில் நின்று, "இனி இந்த வாசப்படியை மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பிறந்தவனே இல்லை" என்றார்.

புது வேலையில் இருக்கிற பெண்ணைக் கலங்க வைக்க வேண்டாம் என்று அம்மா இதை மூத்தவளிடம் சொல்லவில்லை. யாரையும் சொல்லவிடவும் இல்லை. வீட்டுக்கு இருந்த ஒரே போன் அம்மாவிடம்தான் இருந்தது.

பத்து மணிக்குச் சின்னவள் சாப்பாட்டுத் தூக்கோடு மீட்பு அலுவலகத்துக்குப் போனாள். அம்மா மூன்று நாளாகக் காலை முதல் மாலை வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் அவள் உட்காரும் இடம்கூட நிலையாகிவிட்டது. வேறு யாராவது உட்கார்ந்தால் கிளார்க்கே எழுப்பிவிடுவார்.

அம்மா தூக்கைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

"தனியா இருக்காளேடி. கூப்பிட்டா ஏன்னு கேக்க ஒரு ஆள் இல்லாம, அந்த மலையில தனியா."

இதே வார்த்தையை நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிளார்க் கெட்ட மனிதர் இல்லை. தூங்காத மனிதர். இன்று மழை விட்டிருப்பதால் இரண்டு மணிக்கு மீட்புக் குழு ஒன்று கிளம்புகிறது என்றார். ஒரே ஒரு குழு. முகாமில் இருந்தவர்கள் ஆற்றைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கலாம். இல்லை, இயந்திரங்கள் நிறுத்தும் மேல் ஷெட்டுக்கு ஏறியிருக்கலாம். இரண்டுக்கும் வேறு வேறு பாதை. ஒன்றில் போய்விட்டால் திரும்பி வந்து மற்றதில் ஏற இரண்டு நாள் ஆகும்.

"ஆபத்துன்னா பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னுதான் முகாம்ல உத்தரவு. அதனால பள்ளிக்கூடத்துப் பக்கம்தான் போறோம். வேற தகவல் எதுவும் இல்லையேம்மா."

தகவல் எதுவும் இல்லை. சின்னவள் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தை கூடவே வந்தது.

மாடி ஏறியபோது மணி பதினொன்றரை. அப்பா கூட்டின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பதினான்கு புறாக்கள் அடைந்து கிடந்தன. வலைக்கதவில் பூட்டு தொங்கியது. அந்தப் பூட்டைப் பார்த்ததும்தான் சின்னவளுக்கு நேற்றைய கேள்வி வந்து சேர்ந்தது.

இங்கே வந்த முதல் நாள் அவர்தான் சொன்னார். பழைய புறாவை ஆறு வாரமாவது அடைத்து வைத்தால்தான் புது வீடு அதன் மனதில் பதியும். அதற்கு முன் கதவைத் திறந்தால், திறந்த நிமிடமே பழைய மாடிக்குப் பறந்துவிடும். புறாவுக்கு ஒரே ஒரு முகவரிதான் தெரியும் என்று.

"அப்பா. உள்ள இருக்கறதுங்களே பழைய வீட்டுக்குத்தான் போகும்னா, அக்காகிட்ட இருக்கற ரெண்டும் எங்க வரும்?"

அப்பா தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தார். அது நிறைந்தே இருந்தது. திரும்ப வைத்தார்.

"கோவத்துல கூட்டைப் பிரிச்சேன். ரெண்டு பேரு வெளியில இருக்காங்கங்கறது ஞாபகமே இல்ல. மூணு நாள் கழிச்சுதான் உறைச்சுது. போன்ல அவகிட்ட சொல்லிடலாம்னா சண்டை விஷயமும் அவளுக்குத் தெரிஞ்சுடும், உங்கம்மா விடமாட்டாளேன்னு தள்ளிப் போட்டேன். அப்புறம் போனே போயிடுச்சு."

"வக்கீலோட ஜோடி இங்கதானே இருக்கு? டீச்சரைத் தேடி வராதா?"

டீச்சர் என்பது சாம்பல் நிறப் பெட்டை. மற்ற புறாக்கள் சண்டை போட்டால் நடுவில் போய் நிற்கும்.

"டீச்சர் இங்க இருக்குங்கறது வக்கீலுக்கு எப்படித் தெரியும்? அது விட்டுட்டுப் போன இடத்துலதான் தேடும்." அப்பா நிறுத்தினார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நேத்து சாயங்காலம் மேற்கே, பழைய வீட்டுப் பக்கம் ஒண்ணு சுத்துச்சு. கறுப்பா. யாரோட புறாவோன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

சின்னவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவளுக்குப் பயம்தான் வந்தது. நேற்று சாயங்காலம் முதல். ராத்திரி முழுக்க ஈரத்தில். காலில் சீட்டோடு.

மீட்புக் குழு எந்தப் பாதையில் போகப்போகிறது என்பதைச் சொன்னாள். அப்பா எழுந்தார். பூட்டைத் திறந்து டீச்சரை எடுத்துக் கம்பிக் கூடையில் வைத்தார். அலமாரியிலிருந்து பித்தான் டப்பாவையும் எடுத்தார்.

அப்பா தையல்காரர். மற்றவர்கள் புறாவை விசில் அடித்துக் கூப்பிடுவார்கள். அப்பாவுக்கு முன்பல் இரண்டு இல்லாததால் விசில் வராது. பழைய பிஸ்கட் டப்பாவில் உடைந்த பித்தான்களைப் போட்டுக் குலுக்குவார். இருபது வருடமாக அவர் புறாக்களுக்குச் சோறு என்றால் அந்தச் சத்தம்தான்.

பழைய தெரு முனைவரை வந்தார். விளக்குக் கம்பத்தடியில் நின்றுவிட்டார்.

"நீ போம்மா."

"நீங்க?"

"இங்கதான் இருக்கேன்."

கதவைத் திறந்தது சித்தி. மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருந்தாள். கூடையைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள். ஏதோ சொல்ல வந்தாள். இருமல் முந்திக்கொண்டது. மாடியைக் கைகாட்டினாள்.

சித்தப்பா மேலேதான் இருந்தார். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். கூடு இருந்த இடம் தெரியாதபடி மாடித் தரை முழுக்க வெள்ளையடித்து வைத்திருந்தார். தண்ணீர்த் தொட்டியின் உச்சியில், நனைந்த இறகு ஒட்டிக்கொண்டு, பாதி உடம்பாகச் சுருங்கி வக்கீல் உட்கார்ந்திருந்தது. வாலில் நாலைந்து இறகுகள் இல்லை.

"வந்துட்டியா? உங்கப்பா வேணும்னே அவிழ்த்து என் மாடிக்கு அனுப்பியிருக்காருனு நினைச்சேன். காலையிலருந்து விரட்டறேன், போகமாட்டேங்குது. தானியம் போட்டேன், இறங்கவும் மாட்டேங்குது. சரியான கேஸு."

"சித்தப்பா, அது அக்கா அனுப்பினது."

அவர் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அதோடு ஒரு சிறிய சீட்டும் வந்து தரையில் விழுந்தது. சின்னவள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். மீட்பு அலுவலகத்தின் வருகைச் சீட்டு. நேற்றைய தேதி. அம்மா உட்காரும் பெஞ்சுக்கு எங்கோ பின்னால் இவரும் நின்றிருக்கிறார்.

மணி பன்னிரண்டேகால். டீச்சரைக் கூடையோடு தரையில் வைத்தார்கள். டீச்சர் குனுகியது. வக்கீல் கழுத்தை நீட்டிப் பார்த்தது. இறங்கி வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. அதற்குமேல் வரவில்லை. கீழே வெள்ளை வெளேரென்று கிடந்த தரையை ஒற்றைக் கண்ணால் பார்த்தது. வீடு அதே வீடுதான், தரைதான் அதற்குப் புரியவில்லை. சின்னவள் ஓரடி வைத்ததும் பறந்து மறுபடி தொட்டிக்குப் போய்விட்டது.

பித்தான் டப்பாவைக் குலுக்கினாள். வக்கீல் தலையைச் சாய்த்தது. அவ்வளவுதான். அப்பா இரண்டு வேகம், ஒரு நிறுத்தம், பிறகு மெதுவாக ஒன்று என்று குலுக்குவார். அவளும் அப்படித்தான் செய்தாள். ஆனால் அவளுக்கு அவசரம். அந்த அவசரம் டப்பாவுக்குள்ளும் போய்விட்டது.

வக்கீல் இறக்கையை விரித்து ஒரு வட்டம் போட்டது. இந்த முறை பெரிய வட்டம். பறந்தே போய்விடும் என்று சின்னவளுக்குத் தோன்றியது.

"உங்கப்பன் எங்க?" என்றார் சித்தப்பா.

"தெரு முனையில. கம்பத்துக்கிட்ட."

சித்தப்பா படி இறங்கினார். சின்னவள் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் கம்பம்வரை போகவில்லை. பாதித் தெருவில் நின்றார். பிறகு திரும்பி வந்து, பக்கச் சந்தில் சாய்த்து வைத்திருந்த தன் மூங்கில் ஏணியைத் தூக்கி மாடிச் சுவரில் சாய்த்தார். பெயிண்ட் சொட்டிச் சொட்டி நாலு நிறத்தில் இருந்த ஏணி. அதன் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"அண்ணா. வாசப்படியை மிதிச்சா நீ நம்ம அப்பனுக்குப் பிறந்தவன் இல்லைனு ஆயிடும். அப்புறம் எனக்கு அண்ணன் யாருன்னு நான் எங்க போய்த் தேடறது? வாசப்படி வேண்டாம். ஏணியை மிதி."

அப்பா கம்பத்தடியிலேயே நின்றார்.

பிறகு அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து வந்தார்.

ஏணி ஈரமாக இருந்தது. அப்பாவின் முட்டி வலி ஊருக்கே தெரிந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நிமிடம் ஆனது. கீழேயிருந்து சித்தப்பா, "வலது காலு, வலது காலு, அட உன் வலது காலு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மேலே வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. அவர் சுவரைத் தாண்டி வெள்ளைத் தரையில் கால் வைத்தார். ஒரு கணம் அவருக்கும் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. கூடு இருந்த மூலைக்குப் போய் மண்டியிட்டார்.

டப்பா குலுங்கியது. இரண்டு வேகம். நிறுத்தம். மெதுவாக ஒன்று.

வக்கீல் வட்டத்தைச் சுருக்கியது. இறங்கவில்லை.

அப்பா மறுபடி குலுக்கினார். மூன்றாவது தடவை. நாலாவது தடவை. வானத்தைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, இன்றைக்கு ஒன்றுமே அவசரம் இல்லை என்பது போலக் குலுக்கினார். அவர் பின்கழுத்தில் வேர்வை ஓடுவது சின்னவளுக்கு மட்டும் தெரிந்தது.

வக்கீல் அவர் தோளில் வந்து உட்கார்ந்தது.

யாரும் அசையவில்லை. அப்பா மெல்லக் கையைத் தூக்கி அதன் கால்களை இரண்டு விரலுக்கு இடையில் வாங்கினார். கட்டைவிரலால் இறக்கையை அணைத்துக்கொண்டார். காலில் நீல நூல் சுற்றியிருந்தது. அவரே மூத்தவளுக்குக் கொடுத்தனுப்பிய நூல். அதில் ஒரு சிறிய உறிஞ்சுகுழல் துண்டு, இரண்டு முனையும் மெழுகால் அடைத்தது. பல்லால் கடித்து மெழுகைப் பெயர்த்தார். சீட்டை வெளியே எடுத்தார். கண்ணாடி கொண்டு வரவில்லை. சின்னவளிடம் நீட்டினார்.

மெல்லிய தாள். எழுத்துகள் எறும்பு அளவு.

"எல்லாரும் மேல் ஷெட்டில் இருக்கிறோம். முப்பத்தொரு பேர். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாலத்தை ஆறு கொண்டுபோய்விட்டது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. இரண்டு பேருக்குக் கால் முறிவு. சாப்பாடு நாளை வரைக்கும்தான். மேல் பாதையில் வரச் சொல்லவும். பொடி வந்து சேர்ந்ததா?"

மணி ஒன்றேகால். சித்தப்பா தன் போனை எடுத்தார். அம்மாவின் எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. விரல் தானாகவே போனது.

"அண்ணி, நான்தான். வைச்சிடாதீங்க. பொண்ணு எழுதியிருக்கா."

அம்மாவின் குரல் இவர்களுக்கும் கேட்டது. கையெழுத்து அவளுடையதுதானா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் சின்னவள். அக்கா எப்போதும் போல வரியை மேலே ஆரம்பித்துக் கீழே சரித்திருக்கிறாள் என்றாள். அம்மா போனைக் கிளார்க்கிடம் கொடுத்தாள்.

கிளார்க் முதலில் நம்பவில்லை. புறாவா என்று இரண்டு தடவை கேட்டார். சித்தப்பா புறாதான் என்று இரண்டு தடவை சொன்னார். தமாஷ் பண்ணுகிற நேரமா இது என்று கிளார்க் ஆரம்பித்தார். சின்னவள் போனைக் கேட்டு வாங்கினாள். தெரியாத மனிதரோடு போனில் பேசுவது அவளுக்கு இதுவே முதல் தடவை.

"முப்பத்தொரு பேருனு எழுதியிருக்கா சார்."

தாள் புரட்டும் ஓசை கேட்டது.

"இன்னொரு தரம் சொல்லும்மா."

"முப்பத்தொண்ணு."

"முகாம்ல முப்பது பேருனுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கோம். பாதை சரிஞ்ச அன்னிக்கு மதியம் லாரியில ஒருத்தர் கூடுதலாப் போயிருக்கார். அது எங்க ரிஜிஸ்டர்ல மட்டும்தான் இருக்கு." குரல் மாறியது. "மீதியையும் படி. மெதுவாப் படி. நான் எழுதிக்கறேன்."

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அம்மா கூப்பிட்டுச் சொன்னாள். குழு மேல் பாதையில் போவதென்று முடிவாகிவிட்டது. அழுகையும் பேச்சும் கலந்து வந்ததில் இது மட்டும்தான் புரிந்தது. இனி பாதை தாங்க வேண்டும், மழை வராமல் இருக்க வேண்டும். ஆனாலும் போகிற இடம் சரியான இடம்.

அப்பா கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பாவும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்தார்கள்.

"இறங்கறதும் ஏணியிலதானா?" என்றார் சித்தப்பா.

"முட்டி தாங்காதுடா."

"உள்ள இருக்கற படியில இறங்கிப் போ. உள்ளேயிருந்து வெளியே போறது மிதிச்சதா ஆகாது. சந்தேகம்னா வக்கீலைக் கேளு."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்க இருமினார். கீழே சித்தியும் இருமினாள்.

சின்னவள் வக்கீலையும் டீச்சரையும் ஒரே கூடையில் வைத்துக்கொண்டு முதலில் இறங்கினாள். சித்தி படியடியில் காத்திருந்தாள். துணியை இன்னும் இறுக்கிக் கட்டியிருந்தாள். கூடையை அங்கேயே வைக்கச் சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துப் பின்கட்டு அறைக்கு இழுத்துப் போனாள்.

மூலையில் ஒரு கூடை கவிழ்த்திருந்தது. அதன் மேல் அம்மிக் குழவி. பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம், உடைத்த சோளம். கூடைக்குள் ஏதோ அசைந்தது.

"பொடியா சித்தி?"

"மழைக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து துணி காயப்போடற கம்பியில உக்காந்துச்சு. உங்க சித்தப்பா வீட்ல இல்ல. வெளிய விட்டா பூனை கொண்டுபோயிடும்."

"உங்களுக்கு இதோட தூசியே ஆகாதே."

"ஆகாதுதான்." சித்தி இருமி முடிக்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். "காலுல ஒரு சீட்டு. சண்டை போட்டுட்டுப் போனவங்க வீட்டுக்கு எப்படி எடுத்துட்டு வரதுன்னு தயங்கினேன். சரி, என்னதான் இருக்குன்னு பிரிச்சேன். பிரிச்சதுக்கு அப்புறம்தான் உனக்குன்னு எழுதியிருக்கறதைப் பாத்தேன். உங்க சித்தப்பாகிட்டகூடச் சொல்லல. மறுநாள் பாதை சரிஞ்சுதுன்னு செய்தி வந்ததும், இதை வைச்சுக்கிட்டு எனக்குத் தூக்கமே இல்ல."

சோளம் இருந்த டப்பாவின் அடியிலிருந்து சுருட்டிய தாளை எடுத்துச் சின்னவளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மடக்கிவிட்டாள்.

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பிரித்தாள். அதே எறும்பு எழுத்து. அதே சரியும் வரி.

"சின்னவளுக்கு மட்டும். போன் எப்போதும் அம்மா கையில் இருக்கிறது. கூட்டை நீதான் திறப்பாய் என்பதால் பொடியிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் தனியாக இருக்கிறேன் என்று அம்மா தினமும் அழுகிறாள். நான் இங்கே தனியாக இருக்கப் போவதில்லை. இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான். போன மாதமே பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அவர் நாளை மதியம் லாரியில் வந்து சேர்கிறார். வீட்டில் எப்படிச் சொல்வது என்று நீ யோசித்து வை."

நாளை மதியம். லாரியில். முப்பத்தொன்றாவது ஆள்.

இரண்டு பேருக்குக் கால் முறிவு என்று வக்கீல் கொண்டுவந்த சீட்டில் எழுதியிருந்தது. யாருக்கு என்று எழுதவில்லை.

வாசலிலிருந்து அப்பா கூப்பிட்டார். அம்மா மறுபடி போனில், உன்னோடு பேச வேண்டுமாம் என்றார். சின்னவள் தாளைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு போனாள். சித்தப்பாவின் போனில் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு.

"கேட்டியாடி" என்றாள் அம்மா. நாலு நாளில் முதல் தடவையாக அவள் குரல் தெளிவாக இருந்தது. "அவ இறங்கி வந்ததும் இந்த வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நல்ல இடமாப் பாத்துக் கட்டி வைச்சிடறேன். இனிமே என் பொண்ணு எங்கயும் தனியா இருக்க வேண்டாம். என்ன சொல்றே?"

சின்னவள் படியடியில் இருந்த கூடையைப் பார்த்தாள். வக்கீல் டீச்சரின் பக்கத்தில் தலையைச் செருகிக்கொண்டு தூங்க ஆரம்பித்திருந்தது.

"ம்" என்றாள்.